வைவாவில் மோட்டாரைப் பற்றிக் கேட்டால்

சோலார் பேனலில் மோட்டார் ஓட்டும் செயல்திட்டத்தை எடுத்திருக்கிறீர்களா? மின்னோட்டத்தை எதற்காகக் கட்டுப்படுத்தினீர்கள் என்ற கேள்விக்கு முதலில் பதில் தேடி வையுங்கள். எங்கள் டிப்ளமோ வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) புறத்தேர்வாளர் சுற்றிச் சுற்றி அதைத்தான் கேட்டார். ‘மோட்டார் எரியாமல் இருக்க’ என்று சொன்னால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். சிறிய பேனலால் மோட்டாரை எரிக்கவே முடியாது.

நாங்கள் செய்தது கருவாடு உலர்த்தும் பெட்டிக்கு ஒரு சின்ன மின்விசிறி. குளச்சல், முட்டம் கடற்கரைகளில் மீன் காய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு எது தோன்றும்? 6 வோல்ட், 1 வாட் பேனல். வெப்பநிலையைப் பார்த்து விசிறியை இயக்க ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (நிரல்படி வேலை செய்யும் சிறு சிப்). அதற்கும் மின்சாரம் அதே பேனலிலிருந்துதான்.

கணக்கை இப்படித் தொடங்குங்கள். மோட்டாரின் சுருள் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். தண்டைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல இடங்களில் அளக்க வேண்டும். மீட்டர் கம்பிகளின் மின்தடையையும் கழிக்க வேண்டும். 2 ஓம் வருகிறது என்று வையுங்கள். சுழலும் மோட்டார் தானே உண்டாக்கி, வரும் மின்னோட்டத்தைக் குறைக்கும் எதிர் மின்னழுத்தம் நின்றிருக்கும் மோட்டாரில் இல்லை. ஆகவே 6 வோல்ட்டில் அது 3 ஆம்பியர் கேட்கும். பேனலால் தர முடிந்தது 0.18 ஆம்பியர் அளவே. அந்த மின்னோட்டம் 2 ஓமில் பாய்ந்தால் பேனலின் முனைகளில் மிஞ்சுவது 0.36 வோல்ட். மைக்ரோகன்ட்ரோலர் அணைந்துவிடும், மோட்டார் துண்டிக்கப்படும், மின்னழுத்தம் ஏறும், மறுபடி முதலிலிருந்து. கட்டுப்பாடு தேவைப்படுவது இந்தச் சரிவைத் தடுக்கத்தான்.

தொடராக ஒரு ரெசிஸ்டர் போதாதா என்பார்கள். சரிவு நிற்கும், ஆனால் ஆற்றலின் பெரும்பகுதி ரெசிஸ்டரிலேயே சூடாகிப் போகும். மோட்டாருக்குச் சுவிட்சாக இருக்கும் மாஸ்பெட்டின் சோர்ஸ் முனையில் 3.9 ஓம் வைத்து, அதன் மேல் 0.6 வோல்ட் வந்ததும் மாஸ்பெட்டின் கட்டுப்பாட்டு முனையான ‘கேட்’டை இழுத்துப் பிடிக்கும் டிரான்சிஸ்டர் சுற்று ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியரில் நிறுத்தும். பாடப்புத்தகத்துக்கு அழகான சுற்று. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பொருந்தாது. ஜூனில் மேற்கிலிருந்து மேகம் ஏறினால் பேனல் 40 மில்லி ஆம்பியர்கூடத் தராமல் போகலாம். அப்போது 150 என்ற எல்லை இருந்தும் பயனில்லை.

ஆகவே மோட்டாருக்கு மின்சாரத்தை வேகமான துடிப்புகளாக விட்டுவிட்டு அனுப்பி, பேனலின் மின்னழுத்தத்தைக் கவனியுங்கள். அது 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் துடிப்பகலத்தை (ஒவ்வொரு துடிப்பும் நீடிக்கும் நேரத்தை) குறையுங்கள், ஏறினால் கூட்டுங்கள். பேனலுக்குக் குறுக்கே பெரிய கெப்பாசிட்டர், மோட்டாருக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஷாட்கி டையோடு, இரண்டும் கட்டாயம். துடிப்பு அணைந்திருக்கும் நேரத்திலும் சுருளின் மின்னோட்டம் டையோடு வழியே சுற்றிக்கொண்டிருப்பதால், பேனல் தருவதைவிட அதிக மின்னோட்டம் மோட்டாருக்குக் கிடைக்கிறது. இழப்புகளை விட்டுவிட்டால், 1 வாட் ஆற்றல் 2 ஓமில் 0.7 ஆம்பியர், முறுக்குவிசை ஏறத்தாழ நான்கு மடங்கு. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோதுதான் தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தேர்வு அறைக்குள் வெயில் வராது. குழல்விளக்கு ஒளியில் பேனல் தருவது பெயரளவுக்குத்தான். ஆய்வகத்தின் மின்வழங்கியில் 6 வோல்ட்டும் 0.17 ஆம்பியர் எல்லையும் வைத்தால் பேனலைப் போலவே ஓரளவு நடந்துகொள்ளும். எல்லைக் குமிழை மெல்லத் திருகி மேகத்தையும் காட்டலாம். ஆய்வக உதவியாளரிடம் அதை முந்தைய நாளே சொல்லி வாங்கி வையுங்கள்.