ஓம் கணக்கைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுக் காயில் சுற்றிய குறிப்புகள்

மின்சிகரெட்டில் (வேப்) திரவத்தை ஆவியாக்கும் பாகம் அட்டமைசர், அதற்குள் சூடாகும் கம்பிச் சுருள் காயில். நாமே காயில் சுற்றிப் போட்டுக்கொள்ளும் அட்டமைசரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி "எத்தனை ஓம்?", அதாவது காயிலின் மின்தடை எவ்வளவு என்பதுதான். வாட்டை நாமே வைக்கும் சாதனத்தில் அந்தக் கேள்விக்குப் பெரிய அர்த்தமில்லை. 15 வாட் என்று வைத்துவிட்டால், காயில் 0.6 ஓமோ 1.3 ஓமோ, உள்ளே இருக்கும் சிப் வோல்ட்டைக் கூட்டியோ குறைத்தோ அதே 15 வாட்டைத்தான் கொடுக்கும். வாயில் தெரிகிற வித்தியாசம் வேறு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: திரவத்தைத் தொடும் கம்பியின் மேற்பரப்பு எவ்வளவு, சூடாக வேண்டிய உலோகத்தின் எடை எவ்வளவு. இதைப் பார்ப்பதற்காகவே ஒரே டெக்கில் (காயிலைப் பூட்டும் அடித்தளம்), ஒரே திரவத்தில், அதை உறிஞ்சிக் காயிலுக்குக் கொடுக்கும் ஒரே பஞ்சில், கம்பியை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

டெக் ஒற்றைக் காயில் வைப்பது. காற்றுத் துளை காயிலுக்கு நேர் கீழே. மூடிக்குள் இடம் கொஞ்சம்தான். வாயில் நிரப்பிப் பிறகு உள்ளே இறக்கும் இழுப்புக்கும், சற்றே தளர்வான இழுப்புக்கும் சரிப்படும். நுரையீரலுக்கு நேராக இழுத்து அறையை மூடுமளவு ஆவி விடுகிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள் பாதிதான் பொருந்தும். புகைப்பழக்கமே இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிகோடின் திரவம் குழந்தைகள், வளர்ப்புப் பிராணிகள் எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது.

முதலில் கேஜ், அதாவது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண். எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 28 கேஜ் 0.32 மி.மீ., 26 கேஜ் 0.40 மி.மீ., 24 கேஜ் 0.51 மி.மீ. மூன்று கேஜ் இறங்கினால் குறுக்குப் பரப்பு இரட்டிப்பாகும், அதே நீளத்துக்கு மின்தடை பாதியாகும். காந்தல் ஏ1 என்ற உலோகக் கலவைக் கம்பியில் மீட்டருக்கு 28 கேஜ் சுமார் 17.9 ஓம், 26 கேஜ் 11.3 ஓம், 24 கேஜ் 7.1 ஓம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு கம்பி போகும் என்பது எளிய கணக்கு: உள்விட்டத்தோடு கம்பியின் விட்டத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்க வேண்டும். கம்பியைப் பூட்டும் போஸ்ட் வரை போகும் இரண்டு கால்களுக்குச் சேர்த்து 10 மி.மீ. வைத்துக்கொண்டேன். கணக்கும் ஓம் அளக்கும் கருவி காட்டுவதும் பெரும்பாலும் ஒட்டியே வந்தன.

28 கேஜ் காந்தல், 2.5 மி.மீ. உள்விட்டம், 7 சுற்று. கணக்குப்படி 1.29 ஓம். பட்டனை அழுத்திய மாத்திரத்தில் ஆவி வந்துவிடும். இந்த விறுவிறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. 12, 13 வாட்டில் சுவையும் தெளிவு. ஆனால் 18-க்கு ஏற்றினால் தொண்டையில் சுள்ளென்று அடித்தது, இழுப்பின் கடைசியில் பஞ்சு வறளும் வாடையும் வந்தது. சுற்றுகளில் இருக்கும் மேற்பரப்பு மொத்தம் 62 சதுர மி.மீ.தான். 18 வாட்டை அதன் மேல் கொட்டினால் ஒரு சதுர மி.மீ.க்கு 290 மில்லிவாட் விழுகிறது. 12.5 வாட்டில் அதுவே 200. என் வாய்க்கு 180 முதல் 230 வரை இதமான எல்லை. இது விதி ஒன்றும் இல்லை, காற்று அதிகம் விடும் டெக்கில் இன்னும் மேலே போகலாம். ஆனாலும் ஓமைவிட இந்த எண்தான் எனக்கு உருப்படியாக எதையாவது சொன்னது.

அடுத்து 26 கேஜ், 3 மி.மீ., 6 சுற்று. 0.83 ஓம், மேற்பரப்பு 82 சதுர மி.மீ. 15 முதல் 18 வாட் வரை எங்கே வைத்தாலும் அமைதியாக வேலை செய்கிறது. ஆவி கொஞ்சம் வெதுவெதுப்பு, கொஞ்சம் அடர்த்தி. உள்விட்டம் அரை மி.மீ. கூடியதால் பஞ்சும் கூடுதலாகப் பிடிக்கிறது. அடுத்தடுத்து இழுத்தாலும் வறளவில்லை.

இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இன்னும் தடித்த கம்பி போட்டால் என்ன என்று 24 கேஜுக்குப் போனேன். அதே 3 மி.மீ., 6 சுற்று, 0.54 ஓம். மேற்பரப்பு 106. காகிதத்தில் பார்க்க அழகான காயில். 15 வாட்டில் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் மெல்ல ஆவி வந்தது, பட்டனை விட்ட பிறகும் உள்ளே சிடுசிடுவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. அடி கனத்த பாத்திரம் அடுப்பில் நடந்துகொள்வதைப் போலத்தான். 28 கேஜ் காயிலின் சுற்றுகளில் இருக்கும் உலோகம் 36 மில்லிகிராம் அளவு. 24 கேஜில் 96 மில்லிகிராம். திரவத்தை விட்டுவிட்டு உலோகத்தை மட்டும் 200 டிகிரி ஏற்றவே, 15 வாட்டில் முன்னதற்குக் கால் விநாடிக்கும் குறைவு, பின்னதற்கு 0.6 விநாடி. இந்தத் தாமதத்தைப் போக்க 25 வாட் வைத்தேன். காயில் விழித்துக்கொண்டது, ஆனால் இந்தச் சின்ன மூடிக்குள் சூடு தங்கிவிடுகிறது, காற்றுத் துளையால் அதைத் தணிக்க முடியவில்லை, வாயில் வைக்கும் முனையே சுட்டது. 24 கேஜ் பெரிய காற்றுத் துளையும் இரட்டைக் காயிலும் உள்ள டெக்கின் சாமான். இங்கே அதற்கு வேலையில்லை என்று கழற்றிவிட்டேன்.

சரி, சுற்றும் முறை. டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதிதான் என் அச்சு. கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். தளர விட்டால் காந்தல் சுருள்வில் மாதிரி விரியும். டெக்கில் பூட்டி ஸ்க்ரூவை இறுக்கிய பிறகும் டிரில் பிட்டை உருவாமல், காயிலைக் காற்றுத் துளைக்கு நேராகவும் ஒன்றரை, இரண்டு மி.மீ. மேலாகவும் நிறுத்துகிறேன். கால்களைப் போஸ்ட்டை ஒட்டி வெட்ட வேண்டும். முடியளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் மூடி போடும்போது உரசி ஷார்ட் ஆகும்.

பிறகு பஞ்சில்லாமல் 10 வாட்டுக்கும் கீழே வைத்து, பட்டனை விட்டு விட்டு அழுத்துவேன். இந்த நிலையில் காயில் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். முதல் அழுத்தத்தில் ஓரச் சுற்று ஒன்று மட்டும் ஆரஞ்சாக எரியும், நடு இருண்டு கிடக்கும். செராமிக் இடுக்கியால் சுற்றுகளின் மேல் வீணைத் தந்தியை மீட்டுவதுபோல் ஒரு முறை இழுத்துவிட்டு, மறுபடி அழுத்தி, ஆறும்போது பக்கவாட்டில் லேசாக நெருக்க வேண்டும். இப்படிச் சில முறை செய்தால் சிவப்பு நடுவில் தோன்றி இருபுறமும் ஒரே சீராகப் பரவும். சுற்றுகள் ஒன்றையொன்று தொடும் காயில் எப்படி ஷார்ட் ஆகாமல் வேலை செய்கிறது என்பதற்கும் இங்கேதான் விடை. காந்தல் இரும்பும் குரோமியமும் அலுமினியமும் கலந்தது. சூடேறும்போது அலுமினியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேலே மெல்லிய அலுமினா தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அந்தத் தோல் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் சுற்றுக்குச் சுற்று தாவாமல் மின்சாரம் கம்பி வழியாகவே சுற்றிப் போகிறது. தோல் படியும் முன் ஓரம் மட்டும் எரிவது இதனால்தான். இது தெரிந்த பிறகு பொறுமை தானாக வந்தது.

உலோகத்துக்கு வருவோம். அதே 26 கேஜ், 3 மி.மீ., 6 சுற்றில் காந்தல் 0.83 ஓம், நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் 80 சுமார் 0.63, துருப்பிடிக்காத எஃகு வகையான எஸ்.எஸ். 316 எல் சுமார் 0.43. மூன்றுக்கும் மேற்பரப்பு ஒன்றே. 16 வாட்டில் மூன்றையும் இழுத்துப் பார்த்ததில் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று என்னால் சொல்ல முடியாது. "நிக்ரோம் சீக்கிரம் சூடாகும்" என்று எல்லோரும் சொல்வது வோல்ட் மாறாத சாதனத்தில் சரி. அங்கே மின்தடை குறைந்தால் வாட் கூடும். வாட்டை நிறுத்தி வைத்தால் அந்த நியாயம் நிற்காது. நிக்ரோமின் அடர்த்தி காந்தலைவிட அதிகம். அதே அளவுக் காயிலைச் சூடாக்க அதற்குச் சற்றுக் கூடுதல் வெப்பமே வேண்டும். நிக்ரோமில் எனக்குப் பிடித்தது வேறு: கைக்கு மெத்தென்று வளைகிறது, சுற்றியபடியே நிற்கிறது. தோலில் நிக்கல் பட்டாலே அரிப்பு வருகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. 316 எல்-இலும் நிக்கல் உண்டு, காந்தலில் இல்லை.

316 எல் வாங்கியது வெப்பக் கட்டுப்பாட்டுக்காக. சூடு ஏற ஏற அதன் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.09 சதவீதம் ஏறும். அதை வைத்துத்தான் சிப் காயிலின் வெப்பத்தைக் கணிக்கிறது. 0.43 ஓம் காயில் 200 டிகிரி ஏறினால் 0.51 ஆகும், மொத்த விளையாட்டும் அந்த 0.08 ஓமுக்குள். ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்து 0.01 ஓம் கூடினாலே சிப் 25 டிகிரிக்கு மேல் தப்பாகக் கணிக்கும். ஆகவே ஸ்க்ரூ இறுக்கம், அட்டமைசரைச் சாதனத்தில் திருகும் 510 முனையின் சுத்தம், காயில் முழுக்க ஆறிய பிறகே மின்தடையை அடிப்படை அளவாகச் சிப்பில் பூட்டுவது, மூன்றும் கட்டாயம். சரியாக அமைந்தால் பஞ்சு வறளும்போது சாதனம் தானே அடங்கிவிடுகிறது. அதற்காகவே இவ்வளவு பாடும் படலாம். காந்தலில் மின்தடை ஏறக்குறைய அசையாது, அதில் இது நடக்காது. 316 எல்-ஐப் பஞ்சில்லாமல் பளபளவென்று எரிய விடாதீர்கள். மங்கலாகச் சிவந்தால் போதும்.

பஞ்சு, காயிலுக்குள் இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், காயிலை நகர்த்தக்கூடாது. நுனிகளை ஊசியால் கோதி மெலிதாக்கித் திரவத் துளையை மூடாமல் வாசலில் உட்கார வைத்தால் போதும். கிளிசரின் மிகுந்த திரவம் கெட்டியானது, மெதுவாக ஏறும். அதற்கு நுனிகளை இன்னும் குறைக்க வேண்டும்.

ஓம் உண்மையிலேயே உயிர் விஷயமாகும் இடம் ஒன்று உண்டு. சிப் இல்லாத வெறும் குழாய்ச் சாதனத்தில் முழு சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட். 0.54 ஓம் என்றால் 7.8 ஆம்பியர், 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். பல 18650 (உருளை வடிவ லித்தியம் அயன்) பேட்டரிகள் தொடர்ந்து கொடுக்கக்கூடிய எல்லை 15, 20 ஆம்பியர்தான். அங்கே ஓம் அளக்கும் கருவியில் பார்க்காமல் எதையும் பூட்டக்கூடாது. உறை கிழிந்த பேட்டரியை எந்தச் சாதனத்திலும் போடக்கூடாது.

ஒரு கம்பியின் மேல் மெல்லிய கம்பியைச் சுற்றிய கிளாப்டன் போன்ற பின்னிய கம்பிகளையும் ஒரு கை பார்த்தேன். மேற்பரப்பு ஏகம், எடையும் ஏகம். 24 கேஜ் கதைதான் மறுபடி.

இப்போது டெக்கில் இருப்பது 26 கேஜ் 316 எல், 3 மி.மீ., சுற்றுகளுக்கிடையே கொஞ்சம் இடைவெளி விட்டு 6 சுற்று. தினசரிக்கு அதுவே. 28-இன் விறுவிறுப்பும் வேண்டும், 26-இன் நிதானமும் வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. அதனால் அடுத்தது 27 கேஜ் காந்தல், 2.5 மி.மீ., 7 சுற்று. மேற்பரப்பு 71 சதுர மி.மீ. வருகிறது, 14, 15 வாட்டில் தொடங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கணக்கின்படி 1.03 ஓம், கேட்கிறவர்களுக்காக.