'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்': பின்னணிக் கேள்விக்கு எப்படிப் படிக்கலாம்?

திரைப்பட ஆய்வுத் தாளுக்கு, நியூயார்க் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றிய இந்த 1954-ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்தைப் படிப்பவர்களுக்கு ஒரு யோசனை. சமூக, வரலாற்றுப் பின்னணி என்றதும் எங்கள் வகுப்பில் பலரும் இயக்குநர் எலியா கஸானிடம் ஓடுவார்கள். 1952-இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் பழைய கம்யூனிஸ்ட் தோழர்களின் பெயர்களைச் சொன்னார், அதை நியாயப்படுத்த, ரவுடிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் நாயகனை வைத்துப் படம் எடுத்தார், கதை முடிந்தது! நான் துறைமுகத்திலிருந்து தொடங்கினேன். அதுதான் கை கொடுத்தது.

முதலில் 'ஷேப்-அப்' முறையைப் புரிந்துகொள்ளுங்கள். நியூயார்க் துறைமுகத்தில் காலையில் ஆட்கள் கூடி நிற்பார்கள். மேஸ்திரி கை காட்டுகிறவருக்குத்தான் அன்றைக்கு வேலை. வேலையைவிட ஆட்கள் அதிகம். மேஸ்திரிக்கு மாமூல், கந்துவட்டி, சங்கத்தின் பெயரில் ரவுடித்தனம் எல்லாம் இங்கே முளைத்தவைதான். மேஸ்திரி வேலை வில்லைகளை வீசியெறிய, ஆட்கள் விழுந்தடித்துப் பொறுக்கும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அப்புறம் ஆண்டுகள். 1948-இல் மால்கம் ஜான்சன் 'நியூயார்க் சன்' நாளிதழில் துறைமுகக் குற்றங்களைத் தொடராக எழுதினார். படத்துக்கு விதை அதுதான். மறு ஆண்டு புலிட்சர் பரிசு. படத்தில் வரும் பாதிரியாருக்கு முன்மாதிரி ஜான் காரிடன் என்ற உண்மையான இயேசு சபைக் குரு. 1953-இல் துறைமுகத் தொழிற்சங்கத்தை அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு வெளியேற்றியது. துறைமுகத்தில் ஆள் எடுப்பதைக் கண்காணிக்கும் துறைமுக ஆணையமும் அதே ஆண்டு வந்தது. ஷேப்-அப் ஒழிக்கப்பட்டதும் நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் உள்ள ஹோபோகனில் படப்பிடிப்பு நடந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம்.

இதற்குப் பிறகு கஸானை எழுதினால் விடைக்கு எடை கூடும். நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லரை விட்டுவிடாதீர்கள். கஸானுக்காக அவர் முன்பே ஒரு துறைமுகத் திரைக்கதை எழுதியிருந்தார். அதில் வில்லன்களைக் கம்யூனிஸ்டுகளாக மாற்றும்படி ஸ்டுடியோ சொன்னதால் மில்லர் விலகிக்கொண்டார்.

சொந்தக் கருத்து கேட்டால் நான் எழுதுவது இது: படம் ரவுடிகளைக் காட்டுகிற அளவுக்குக் கப்பல் கம்பெனிகளைக் காட்டுவதில்லை. மேலே ஒரு பெரிய மனிதர் இருக்கிறார் என்று கோடி காட்டுவதோடு சரி.

எட்டு ஆஸ்கர் விருதுகளுக்கு ஒரு வரி போதும். நேரம் இல்லையென்றால் அதையும் விட்டுவிடலாம்.