சமநிலை தப்பிய லித்தியம் பேட்டரி: தேடிப் பிடித்துச் சரிசெய்த விவரம்

வீட்டுச் சோலாருக்கு 16 செல் கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. ஒவ்வொரு செல்லும் 280 ஆம்பியர்-மணி. எல்லாம் தொடரில், 51.2 வோல்ட். தயாராகக் கட்டப்பட்டு வந்த பெட்டி. வெளி மின்சாரம் கிடையாது, வீடு முழுக்க இதில்தான் ஓடுகிறது.

பிரச்சினை வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் தலைகாட்டியது. சார்ஜ் நன்றாக ஏறிக்கொண்டே வரும், திடீரென்று நின்றுவிடும். அந்த நொடியில் விளக்குகள் ஒருமுறை மின்னும். சில சமயம் இன்வெர்ட்டரில் அதிக வோல்டேஜ் எச்சரிக்கையும் வரும். முழு சார்ஜுக்கு நான் வைத்திருந்தது 56.8 வோல்ட். ஆனால் 54.5-லேயே பிஎம்எஸ் (ஒவ்வொரு செல்லையும் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை) கதவைச் சாத்திவிடுகிறது. செல் வாரியாகத் திறந்து பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருந்தது: 11-ஆம் செல் துண்டிப்பு எல்லையான 3.65 வோல்ட், மற்ற பதினைந்தும் 3.39-ஐ ஒட்டி. கூட்டிப் பார்த்தால் சரியாக 54.5. இன்வெர்ட்டருக்கு மொத்த வோல்டேஜ் மட்டுமே தெரியும். அதனால் பேட்டரி இன்னும் நிறையவில்லை என்று அது முழு வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பிஎம்எஸ் ஒற்றைச் செல்லைக் காப்பாற்ற மொத்தத்தையும் துண்டிக்கிறது. நாற்பது ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதை அறுந்தால் இன்வெர்ட்டர் பக்கம் வோல்டேஜ் எகிறும். விளக்குகள் மின்னுவது அதனால்தான்.

உடனே 11-ஆம் செல்லைக் கெட்டுப்போனது என்று முடிவு கட்டத் தோன்றும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு, எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். இந்த வகை செல்லின் வோல்டேஜ் நடுப்பகுதியில் மிகத் தட்டையானது. 40 சதவீதத்திலிருந்து 60 சதவீதம் வரை ஓய்வு வோல்டேஜ் 3.29, 3.30 என்ற அளவிலேயே நிற்கும். இரண்டு செல்லுக்கு இடையே பத்து சதவீத சார்ஜ் வித்தியாசம் இருந்தாலும் திரையில் சில மில்லிவோல்ட்தான் தெரியும். காலையில் பார்த்தபோது என் பேட்டரியிலும் 4 மில்லிவோல்ட் வித்தியாசம்தான். பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ஆரோக்கியமான பேட்டரி என்றுதான் சொல்வார். உண்மை வெளிப்படுவது செல் நிறையும் மேல் முனையிலும் காலியாகும் கீழ் முனையிலும்தான்.

முதலில் இணைப்புகளைப் பார்த்தேன். 11-ஐத் தவிர 4-ஆம் செல்லிலும் ஒரு விசித்திரம் இருந்தது. 50 ஆம்பியரில் சார்ஜ் ஏறும்போது அது மற்றவற்றைவிட 40 மில்லிவோல்ட் அதிகம் காட்டும். அதே அளவு கரண்ட் வெளியே போகும்போது 40 குறைவாகக் காட்டும். கரண்ட் இல்லாதபோது எல்லோரோடும் ஒன்றாக நிற்கும். சார்ஜ் அளவில் வித்தியாசம் என்றால் இப்படி இரண்டு பக்கமும் ஆடாது. இது எங்கோ ஒரு மின்தடை. செல்லுக்குள்ளேயா, வெளியே மூட்டிலா என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைச் செல்லின் ஸ்டட் (முனையில் நிற்கும் திருகு) மேலேயும் மறுமுனையைப் பக்கத்திலேயே பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) மேலேயும் வைத்தேன். ஒரு விரல்கடை தூரம்தான் இடைவெளி. 36 மில்லிவோல்ட் காட்டியது. மற்ற மூட்டுகளில் 2, 3. செல்லின் வோல்டேஜை அளக்கும் பிஎம்எஸ்ஸின் உணர்வுக் கம்பி பஸ்பாருக்கு அந்தப் பக்கம் மாட்டியிருந்ததால், மூட்டில் விழும் வோல்டேஜும் 4-ஆம் செல்லின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

36 மில்லிவோல்ட்டை 50 ஆம்பியரால் வகுத்தால் 0.7 மில்லி ஓம். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். 100 ஆம்பியர் இழுத்தால் அந்தச் சின்ன இடத்தில் 7 வாட் சூடு. நாளாக ஆக மூட்டு இன்னும் மோசமாகும்.

சோலார், இன்வெர்ட்டர், பேட்டரி பிரேக்கர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் கை வைத்தேன். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப், கையில் மோதிரமும் கிடையாது, வாட்சும் கிடையாது. பிரேக்கரை அணைத்தாலும் செல்கள் அணைவதில்லை. ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். இந்த வேலையில் அவசரமே கூடாது. நட்டைக் கழற்றிப் பார்த்தால் பஸ்பாரின் அடிப்பக்கம் மங்கலாகச் சாம்பல் பூத்திருந்தது, ஸ்டட்டைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்த தடம். நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவில் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினேன். மறுபடி 50 ஆம்பியரில் பார்த்தால் 3 மில்லிவோல்ட். 4-ஆம் செல்லின் கதை அத்தோடு முடிந்தது. மற்ற மூட்டுகளையும் அப்படியே விடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து இறுக்கினேன்.

அப்புறம் 11. ஒரு செல் மேலே முதலில் நிறைவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அதன் கொள்ளளவு மற்றவற்றைவிடக் குறைந்திருக்கலாம். அப்படியென்றால் கீழேயும் அதுதான் முதலில் காலியாகும். இரண்டாவது, கொள்ளளவு ஒன்றுதான், ஆனால் அது எப்போதும் மற்றவற்றைவிடச் சற்று அதிக சார்ஜோடு முந்தி நிற்கிறது. அப்படியென்றால் கீழே அதுதான் கடைசியாகக் காலியாகும். ஆகவே ஓர் இரவு பேட்டரியைக் குறைந்த லோடில் நன்றாக இறங்க விட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். மற்ற செல்கள் 3.02, 3.05 என்று இறங்கியபோது 11 மட்டும் 3.16-இல் நின்றது. பெரிய நிம்மதி. செல் நல்ல செல், வெறுமனே முந்தி நிற்கிறது. புதுச் செல்கள் பாதிக்கும் குறைவான சார்ஜில் வரும். எல்லாம் 3.29, 3.30 என்று ஒரே மாதிரி இருக்கவே, தனித்தனியாக மேல்வரை நிரப்பிச் சமப்படுத்தாமல் பெட்டியில் அடுக்கிவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

எவ்வளவு முந்தி? சார்ஜை 5 ஆம்பியருக்குக் குறைத்துப் பார்த்தேன். 11 உச்சத்தைத் தொடும்போது மற்றவை 3.36-இல்தான் இருந்தன, மேல் ஏற்றம் அவற்றில் இன்னும் தொடங்கவே இல்லை. அவை 4, 5 சதவீதம் பின்தங்கியிருக்கின்றன என்று வைத்தாலும் 280-க்கு 11 முதல் 14 ஆம்பியர்-மணி வரும். என் பிஎம்எஸ் பேலன்ஸ் செய்யும் கரண்ட், அதாவது முந்தி நிற்கும் செல்லிலிருந்து அது கழிக்கும் கரண்ட், 0.1 ஆம்பியர். அதுவும் செல் 3.40-ஐத் தாண்டிய பிறகுதான். ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் மேலே நின்றால் 0.15 ஆம்பியர்-மணி கழியும். 12-ஐக் கழிக்க 80 நாள், அதுவும் எல்லா நாளும் நல்ல வெயில் அடித்தால். உண்மையில் 11 மேலே ஏறியதும் பிஎம்எஸ் துண்டித்துவிடுவதால் அந்த ஒன்றரை மணி நேரம்கூடக் கிடைக்காது. காத்திருந்தால் தானே சரியாகிவிடும் என்பது இந்த அளவு வித்தியாசத்தில் நடக்காத காரியம்.

செல்களையெல்லாம் கழற்றி இணையாகக் கட்டி 3.65 வரை ஏற்றுவது முறையான வழி. ஆனால் வீட்டுக்கு வேறு மின்சாரம் இல்லாதபோது அத்தனை நேரம் பேட்டரியைப் பிரித்துப் போட முடியாது. முந்தி நிற்பது ஒரே ஒரு செல் என்பதால் அதிலிருந்து மட்டும் எடுப்பது எளிது. 1 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அலுமினியத் தகட்டில் திருகி, 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 11-ஆம் செல்லின் இரு முனைகளிலும் இணைத்தேன். 3.3 ஆம்பியர் ஓடியது, தகடு தொட முடியாத சூடு. முதலில் 7 ஆம்பியர்-மணி மட்டும் எடுத்தேன். அதிகமாக எடுத்துவிட்டால் பின்தங்கிய செல்லாகிவிடும், பிறகு மற்ற பதினைந்திலிருந்தும் எடுக்க வேண்டி வரும். மறுபடி சார்ஜ் ஏற்றிப் பார்த்ததில் இன்னும் முந்திதான் இருந்தது, ஆனால் மற்றவை 3.42 வரை கூடவே வந்தன. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன்.

ரெசிஸ்டர் வேலை முடிந்ததும் அமைப்புகளையும் மாற்றினேன். சார்ஜ் இலக்கு 56.8-இலிருந்து 55.2, அதாவது செல்லுக்கு 3.45. அங்கே இரண்டு மணி நேரம் வரை நிற்க விட்டால் கிட்டத்தட்ட முழுதாகவே நிறைந்துவிடுகிறது, செல்லுக்கும் அழுத்தம் குறைவு. மிதவை வோல்டேஜ், அதாவது நிறைந்த பிறகு பிடித்து வைக்கும் அளவு, 53.6. பேலன்ஸ் தொடங்குவது 3.40-இலேயே இருக்கட்டும். 3.65 துண்டிப்பைத் தொடவில்லை. அது காவலுக்கு இருப்பது, தினமும் அதில் போய் முட்டுகிற மாதிரி சார்ஜ் வைப்பது சரியில்லை.

தனியாக ஆக்டிவ் பேலன்சர் (ஒரு செல்லின் சார்ஜை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் கருவி) வாங்கிப் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், வித்தியாசம் அதிகமாக இருந்தால் நல்ல உதவி. ஆனால் இன்ன வோல்டேஜுக்கு மேல்தான் வேலை செய் என்று கட்டுப்படுத்த முடிகிற வகையாக இருக்க வேண்டும். எந்நேரமும் ஓடுகிற வகையை நான் போட மாட்டேன். தட்டையான பகுதியில் தெரிகிற மில்லிவோல்ட் வித்தியாசம் வெப்பத்தாலும் மின்தடையாலும் வருவது. அதை நம்பிச் சார்ஜை இடம் மாற்றினால், மேலே சமமாக இருந்ததையும் கலைத்துவிடும். என் 4-ஆம் செல்லின் மூட்டு கெட்டிருந்தபோது அப்படி ஒன்று இருந்திருந்தால் நல்ல செல்லைத்தான் தொந்தரவு செய்திருக்கும்.

இப்போது 55.2-இல் 16 செல்லுக்கும் இடையே 15 மில்லிவோல்ட் வித்தியாசம். துண்டிப்பும் இல்லை, விளக்குகள் மின்னுவதும் இல்லை. ஓடும் கரண்ட்டை அளந்து சார்ஜ் சதவீதம் காட்டுகிற ஷண்ட்டும் சரியாக 100-க்கு வருகிறது. முன்பு இலக்கு வோல்டேஜையே தொடாததால் அதற்கு முழு சார்ஜ் எது என்றே தெரியாமல் கணக்கு தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

வாரம் ஒருமுறை, 55.2-ஐத் தொட்டு கரண்ட் 10 ஆம்பியருக்குக் கீழே வந்ததும் 16 அளவையும் குறித்து வைக்கிறேன். 11 அசையாமல் மற்றவற்றோடு இருந்தால் ஆரம்பச் சமநிலைக் குறைதான் காரணம், வேறு கோளாறு இல்லை. ஏதாவது ஒரு செல் வாரா வாரம் பின்தங்கிக்கொண்டே போனால் அதன் சார்ஜ் உள்ளேயே தானாகக் கசிகிறது என்று அர்த்தம். அதற்கு ரெசிஸ்டரும் பேலன்சரும் போதாது, செல்லையே மாற்ற வேண்டும். இதுவரை குறித்ததில் அப்படி எதுவும் தெரியவில்லை.