ஏழு நானோடெஸ்லா யார் கணக்கில்?

எங்கள் புவிகாந்த ஆய்வு நிலையத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எடுத்த முதல் அப்ஸல்யூட்டில் (புலத்தின் உண்மை மதிப்பைக் கையால் அளப்பது) டிக்ளினேஷன் பேஸ்லைன் 36 கோண விநாடி தள்ளி வந்தது. டிக்ளினேஷன், சுருக்கமாக டி, என்பது உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடைப்பட்ட கோணம். புலத்தின் ஏற்ற இறக்கத்தை இடைவிடாமல் பதியும் கருவி வேரியோமீட்டர். அது காட்டுவதை உண்மை மதிப்பாக்க அதோடு சேர்க்க வேண்டிய எண்தான் பேஸ்லைன். மறுமுறை எடுத்தபோதும் அதே அளவு. எங்கள் பக்கத்தில் புவிகாந்தத்தின் கிடைக்கூறு 40,000 நானோடெஸ்லாவை (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) ஒட்டி இருப்பதால், ஒரு கோண விநாடி என்பது ஏறத்தாழ 0.19 நானோடெஸ்லா. ஆக மொத்தம் 7. ஆண்டு முடிவில் ஏற்கும் பேஸ்லைன் 5 நானோடெஸ்லாவுக்குள் சரியாக இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் நிலையங்கள் வைத்திருக்கும் வரம்பு. ஏழை அப்படியே விட முடியாது, ஏதாவது ஒரு கணக்கில் எழுதியாக வேண்டும். எழுதியும் விட்டோம். எழுதிய விதம்தான் இன்னும் உறுத்துகிறது.

தரவுப் பிரிவில் இருந்த மூத்தவருடன் போனில் நடந்த பேச்சு இவ்வளவுதான். இதில் இசட் என்பது புலத்தின் செங்குத்துக்கூறு, பில்லர் என்பது அப்ஸல்யூட் எடுக்கும் தூண் (சுத்தம் என்றால் அருகே இரும்பு இல்லை), மார்க் என்பது திசை பார்க்க வெளியே நட்ட குறி, ஸ்டெப் என்பது பேஸ்லைனை ஒரே படியாக மாற்றி எழுதுவது.

"சார், டி பேஸ்லைன் ஏழு நானோ தள்ளியிருக்கு."

"எஃப்?"

"எஃப் அசையல சார். இசட்டும் அப்படியேதான் இருக்கு."

"அப்ப உங்க பில்லர் சுத்தம். வேரியோமீட்டர்தான் திரும்பியிருக்கும். புயலன்னைக்கு ஒரு ஸ்டெப் போட்டு முடிச்சிடுங்க."

"மார்க் சாஞ்சிருந்தா சார்?"

"மார்க்கையே நம்பலன்னா அப்புறம் எதத்தான் நம்புவீங்க?"

அவர் சொன்னதில் தவறு என்று கை வைக்க ஒன்றுமில்லை. டேட்டா பார்த்துப் பழகிய எவரும் அந்த வரிசையில்தான் கேட்பார்கள். ஆனால் முதல் கேள்வியே இந்த விஷயத்தில் உதவாத கேள்வி என்பது பிறகுதான் உறைத்தது. எஃப் என்பது மொத்தப் புலம். புரோட்டான் மேக்னடோமீட்டர் திசை பார்க்காது, எண்ணை மட்டும் சொல்லும். புரோட்டான்கள் சுழலும் அதிர்வெண்ணை ஒரு ஹெர்ட்ஸுக்கு 23.487 நானோடெஸ்லா என்று பெருக்கினால் எஃப் வந்துவிடும். இப்போது 40,000 வடக்கே இழுக்கும் இடத்தில் கிழக்கே ஒரு 7 புதிதாகச் சேர்ந்தால் மொத்தம் எவ்வளவு கூடும்? வர்க்கமூலம் போட்டுப் பாருங்கள், ஆயிரத்தில் ஒரு நானோடெஸ்லாகூட வராது. கிழக்கு–மேற்காக நடக்கும் எதற்கும் எஃப் சாட்சி சொல்லாது. அது அசையவில்லை என்பதால் பில்லர் சுத்தம் என்று முடிவு கட்டுவது, பார்வையில்லாதவர் எதையும் பார்க்கவில்லை என்றதும் வழக்கை மூடுவது போல.

அப்படிச் சொன்னாலும், மூத்தவருக்கு முழு நியாயம் செய்ததாகாது. துல்லியமாகக் கிழக்கு–மேற்காக மட்டும் தள்ளுகிற இரும்பு உலகத்தில் அபூர்வம். மழைநீர் வடியக் கால்வாய் வெட்ட வந்தவர்கள் கொட்டகைச் சுவரில் கடப்பாரையையோ மண்வெட்டியையோ சாத்திவிட்டுப் போயிருந்தால், அது எல்லாப் பக்கமும் கொஞ்சம் தள்ளும். வடக்கே தள்ளுவது எஃபில் தெரியும், செங்குத்தாகத் தள்ளுவது இன்க்ளினேஷனில், அதாவது காந்தச் சரிவில் தெரியும். பில்லரிலும் ஒப்பீட்டு இடத்திலும் புரோட்டான் வைத்துப் பார்த்த வித்தியாசம் 0.3 நானோடெஸ்லாவுக்குள் பழையபடியே இருந்தது. சுவரைச் சுற்றியும் தேடினோம், இரும்பு கிடைக்கவில்லை. ஆக அவர் சரியான முடிவுக்குப் போதாத காரணத்தோடு வந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். காரணம் போதாதபோது முடிவை எவ்வளவு தூரம் நம்புவது?

டி எடுக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் மார்க் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும். கோணம் அளக்கும் காந்தமற்ற தியோடலைட்டின் தொலைநோக்கிமேல் ஒற்றை அச்சு ஃப்ளக்ஸ்கேட் (காந்தப்புல சென்சார்) உட்கார்ந்திருக்கிறது. முதலில் மார்க்கைப் பார்த்து, தொலைநோக்கியை நேராகவும் கவிழ்த்தும் இரண்டு ரீடிங். பிறகு தொலைநோக்கியைச் சரியாகக் கிடையாக நிறுத்தி, ஃப்ளக்ஸ்கேட் பூஜ்யம் காட்டும் வரை கிடைவட்டைத் திருப்ப வேண்டும். பூஜ்யம் என்றால் சென்சார் புலத்துக்குக் குறுக்கே நிற்கிறது, அதாவது காந்தக் கிழக்கிலோ மேற்கிலோ. சென்சார் மேலே இருக்கக் கிழக்கு, மேற்கு. கீழே இருக்கக் கிழக்கு, மேற்கு. நான்கு நிலை, நான்கு ரீடிங். ஒவ்வொரு ரீடிங்குக்கும் நேரம் குறித்து, அந்த நேரத்து வேரியோமீட்டர் மதிப்பைக் கழிக்க வேண்டும். முடிவில் மறுபடியும் மார்க். முதல் மார்க்குக்கும் கடைசி மார்க்குக்கும் 10 கோண விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் தியோடலைட் பில்லர்மேலேயே நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த செட் குப்பைக்கு.

இந்த நான்கு நிலை ஏற்பாடு மிகவும் கெட்டிக்காரத்தனமானது. ஃப்ளக்ஸ்கேட்டின் பூஜ்யப் பிழை, சென்சார் தொலைநோக்கிக்கு இணையாக இல்லாத கோணம் கிடையில் ஒன்று, செங்குத்தில் ஒன்று, எல்லாம் சராசரியில் அடிபட்டுப் போகும். அதோடு நிற்காமல், நான்கு ரீடிங்கிலிருந்து அந்த மூன்று பிழைகளையும் தனித்தனியாகக் கணக்கிட்டும் எடுக்கலாம். அவை செட்டுக்கு செட் நிலையாக இருந்தால் கருவி நலம், எடுத்தவரும் நலம். அரைஞாண் கயிற்றில் கோத்த ஊக்கோ, மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் ஸ்பிரிங்கோ, சட்டைப்பையில் மறந்த சாவியோ இருந்தால் பெரும்பாலும் இந்த மூன்று எண்களில் ஒன்றாவது குதிக்கும், ஏனெனில் ஆள் ஒவ்வொரு நிலைக்கும் இடம் மாறி நிற்கிறார். புயலுக்குப் பிந்தைய செட்களில் மூன்றும் பழைய வரியிலேயே இருந்தன.

ஆனால் நான்கு நிலையும் சேர்ந்தாலும் அடிபடாத ஒன்று உண்டு, அது மார்க்கின் திசைக்கோணம், அதாவது உண்மை வடக்கிலிருந்து மார்க் இருக்கும் கோணம். எல்லா ரீடிங்கும் அதிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. மார்க் பொய் சொன்னால் நான்கும் ஒரே அளவுக்கு, ஒரே பக்கமாகப் பொய் சொல்லும், பிழை எண்களும் அழகாகவே இருக்கும். நம் பக்கத்தில் இதில் இன்னொரு சிக்கல். காந்தச் சரிவு பத்துப் பாகைக்கும் கீழே, கிடைக்கூறு தாராளம். தியோடலைட்டின் மட்டம் கொஞ்சம் பிசகினாலும் அந்தப் பிழை சரிவின் டேஞ்சன்ட்டால் பெருக்கப்பட்டுத்தான் டிக்ளினேஷனில் ஏறும், அதாவது ஐந்தில் ஒரு பங்குகூட ஏறாது. துருவப் பக்கத்து ஆட்கள் டி எடுக்கப் படும் பாடு நமக்கு இல்லை. சுலபமாக வருகிற எண்ணை யாரும் இரண்டு முறை சந்தேகப்படுவதில்லை.

எங்கள் மார்க் 150 மீட்டர் தள்ளி, குட்டைக் கரையில் நிற்கும் ஒன்றரை மீட்டர் கான்கிரீட் தூண். உச்சியில் கோடு கிழித்த பித்தளைத் தகடு. 36 கோண விநாடிக்கு அந்தத் தகடு பக்கவாட்டில் 2.6 சென்டிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும், அதாவது தூண் ஒரு பாகை சாய வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பின்னாலேயே சாத்தனூரிலிருந்து தென்பெண்ணையில் வெள்ளம். மேலே செம்மண்ணும் கீழே களியுமாக இருக்கிற கரையில் ஒரு தூண் ஒரு பாகை சாய்வது பெரிய அதிசயமா? ஒரு பாகைச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தபோது உண்மையிலேயே கொஞ்சம் சாய்வு இருந்தது. நட்ட அன்றே அப்படித்தான் இருந்ததா என்பதற்குப் பதிவு இல்லை. மார்க்கின் திசைக்கோணத்தை விநாடிச் சுத்தமாக எழுதி வைத்தவர்கள், தூண் எவ்வளவு நேராக நிற்கிறது என்பதை எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. நானாக இருந்தாலும் நினைத்திருக்க மாட்டேன்.

மறுபக்கம் வேரியோமீட்டர். அதன் அடித்தட்டின் கால்கள் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்கின்றன. 36 கோண விநாடி திரும்ப ஒரு கால் நகர வேண்டிய தூரம் 0.017 மில்லிமீட்டர். வெளியே 2.6 சென்டிமீட்டர், உள்ளே தலைமுடியின் கனம்கூட இல்லாத நகர்வு, எது எளிது? எண்ணை மட்டும் பார்த்தால் மூத்தவர் பக்கம்தான் சாயத் தோன்றும். ஆனால் வேரியோமீட்டர் நிற்கும் நிலத்தடிப் பில்லர் சாய்வதற்கும் திரும்புவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. களி ஊறி உப்பினால் பில்லர் சாயும். எங்கள் வேரியோமீட்டர் சென்சாரைத் தானாக நேராக நிறுத்தும் தொங்கு ஏற்பாடு இல்லாத பழைய வகை, சாய்வை அப்படியே காட்டிக்கொடுக்கும். வடக்கு–தெற்காக 36 விநாடி சாய்ந்திருந்தால் இசட் பேஸ்லைனும் அதே 7 குதித்திருக்கும். கிழக்கு–மேற்காகச் சாய்ந்து டியில் 7 வர வேண்டுமானால் பல கோண நிமிடம் சாய வேண்டும், ஏனெனில் செங்குத்துக்கூறு கிடைக்கூறில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இசட் அசையவே இல்லை. சாயாமல், தன்னைத்தானே செங்குத்து அச்சில் மட்டும் திருப்பிக்கொள்ளும் பில்லர்? கால் வழுக்கினால் உண்டு. பல்லி ஓடினாலும் உண்டு என்பார் ஒரு பழைய டெக்னீஷியன், அது அவர் அனுபவம்.

திடீரென்று திரும்பியிருந்தால் விநாடிக்கு ஒன்றாகப் பதியும் ஒரு விநாடி டேட்டாவில் படியாகத் தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். புயல் இரவில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, சில மணி நேரப் பதிவே இல்லை. படி இருந்தால் அந்த இடைவெளிக்குள்தான் இருக்க வேண்டும். இதற்கு வழி இருக்கிறது. வேறொரு நிலையத்தின் டியைக் கழித்து, நள்ளிரவுச் சராசரிகளை மட்டும் நாள்வாரியாக வரிசையில் வைத்தால், வேரியோமீட்டர் திரும்பியிருந்தால் வித்தியாசத்தில் படி விழும். மார்க் சாய்ந்திருந்தால் வித்தியாசம் நேராகவே போகும், ஏனெனில் வேரியோமீட்டருக்கு மார்க்கைப் பற்றி எதுவும் தெரியாது. பகலில் இதைச் செய்யக் கூடாது, எலெக்ட்ரோஜெட்டின் (காந்த நடுக்கோட்டின் மேலே பகலில் வானில் ஓடும் மின்னோட்டம்) ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கும் உள்நாட்டு நிலையத்துக்கும் நண்பகலில் ஒப்பீடே கிடையாது. செய்து பார்த்ததில் படி விழவில்லை. நேராகவும் போகவில்லை. டிசம்பர் முழுக்க மெல்ல 3 நானோடெஸ்லா சரிந்தது. அறையின் காப்புச்சுவர் நனைந்து வெப்பநிலை இறங்கியதில் பாதி போனாலும், மீதி எதனால்?

சூரியனைக் கேட்பதுதான் கடைசி வழி. எந்த நேரத்தில் அது எந்தத் திசையில் இருக்கும் என்பது கணக்கில் தெரியும், அதிலிருந்து மார்க்கின் திசையைச் சரிபார்க்கலாம். மார்கழி முழுக்க மேகமும் பனியும், தை பிறந்த பிறகே வானம் தெளிந்தது. காலை வெயிலில் எடுப்பதே நல்லது. நம் அட்சரேகையில் அடிவானத்துக்குச் சற்று மேலே இருக்கும் சூரியனின் திசைக்கோணம் நேரத்தின் ஒரு விநாடிக்கு 3, 4 கோண விநாடிதான் நகரும், கடிகாரப் பிழை அதிகம் கடிக்காது. உயரம் குறைவாக இருப்பதால் மட்டப் பிழையும் அடங்கும். கறுப்பு வடிகட்டி போட்டு இரண்டு விளிம்புகளையும் தொட்டு, தொலைநோக்கியைக் கவிழ்த்து மறுபடியும். மார்க்கின் திசைக்கோணம் பழைய மதிப்பிலிருந்து 20 கோண விநாடி மாறியிருப்பதாக வந்தது. சிதறல் 15.

20 விநாடி என்றால் 4 நானோடெஸ்லா. வேரியோமீட்டர் பக்கம் 3. கூட்டினால் 7. கூட்டல் இவ்வளவு அழகாக வந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். 15 சிதறல் உள்ள 20 என்பது 5 ஆகவும் இருக்கலாம், 35 ஆகவும் இருக்கலாம். மூத்தவர் முழுக்கச் சரியாகவும் இருக்கலாம், முழுக்கத் தவறாகவும் இருக்கலாம். ஒரு விநாடி டேட்டாவை ஆயிரம் பேர் எடுத்துப் பயன்படுத்தும்போது, காரணம் உறுதியாகும் வரை ஆண்டறிக்கையை நிறுத்தி வைப்பதும் நடக்காத காரியம். 7ஐயும் வேரியோமீட்டர் தலையில் போட்டு, நவம்பர் 30க்கு ஸ்டெப் என்று எழுதி அனுப்பினோம். குறிப்பில் "காரணம் உறுதியாகவில்லை" என்று சேர்த்ததை, வாசகரைக் குழப்பும் என்று மேலிடத்தில் நீக்கிவிட்டார்கள். அது மட்டும் சரியில்லை என்று இப்போதும் சொல்வேன். ஸ்டெப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது மார்க் இருந்திருந்தால் இத்தனை பாடில்லை. இருந்தது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் வரைந்த கோடு. நடுவே சவுக்குத் தோப்பு வளர்ந்து மறைத்துவிட்டது. தோப்பு வெட்டியபோது ஆவலாகத் தொலைநோக்கியைத் திருப்பினால் தொட்டிக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

இப்போது வளாகத்துக்குள்ளேயே மேட்டு நிலத்தில் புது மார்க் போட்டிருக்கிறோம். அடித்தளம் ஒன்றரை மீட்டர் ஆழம், நான்கு பக்கமும் தூக்குக்குண்டு அளவு பதிவில் ஏறியிருக்கிறது, ஒவ்வொரு செட்டிலும் இரண்டு மார்க்கையும் பார்ப்பது கட்டாயம். புது மார்க்குக்கு ஒரு திசைக்கோணம் கொடுக்க வேண்டுமே. சூரியனிலிருந்து கொடுத்தால் 15 விநாடிச் சிதறல் அதில் நிரந்தரமாக உட்காரும். பழைய மார்க்கிலிருந்து கோணம் அளந்து கொண்டுபோனால் ஓரிரு விநாடிக்குள் முடியும். குட்டைக் கரைத் தூணிலிருந்தே கொண்டுபோனோம்.