பாப்பாவோடு ஒரு மலைப் பயணம்

முதலில் அந்த டிரைவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. அடிவாரத்தில் வாடகை பேசும்போதே, "பாப்பாவுக்கு இதயத்துல பிரச்சனை, ஏத்தத்துல நடக்க முடியாது, காட்சி முனை வாசல் வரைக்கும் வண்டி போகணும்" என்று தெளிவாகச் சொன்னோம். தலையாட்டினார். பாதி வழியில் வண்டி இழுக்காது என்று ஏசியை நிறுத்தினார். மேலே போனதும் கீழ் நிறுத்தத்திலேயே ஓரங்கட்டி, "வாசலுக்குப் போகணும்னா தனியா கொடுக்கணும் சார்" என்கிறார்! நோயாளிக் குழந்தையைக் காட்டிக் காசு கறப்பது பச்சை அநியாயம். ஆபரேஷனுக்காகச் சேர்க்கும் பணத்தில் கைவைக்காமல், செலவைப் பார்த்துப் பார்த்துக் கிளம்பியவர்கள் நாங்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டேன்.

ஏசிக்காக இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். மகளுக்கு டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல். அதனால் ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் கலந்தே உடம்புக்குப் போகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது, நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் கொண்டுபோக ஷன்ட் என்ற சிறு குழாய் வைத்தார்கள். 1944இல் முதன்முதலாகச் செய்த சிகிச்சையின் இன்றைய வடிவம் அது. முழு ஆபரேஷன் இனிமேல்தான். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு உடம்பு சிவப்பணுக்களை அதிகமாக உண்டாக்கிச் சமாளிக்கும், ரத்தம் கெட்டியாகும். வியர்த்து நீர்ச்சத்தும் குறைந்தால் ஷன்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. தினமும் ஆஸ்பிரின் கொடுப்பதே அதற்காகத்தான். புழுங்கும் காரில் நானும் மனைவியும் மாறி மாறித் தண்ணீர் புகட்டியபடியே வந்தோம்.

நாங்கள் முதலில் ஆசைப்பட்டது 2,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலை. டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறையும். நமக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும், இவளுக்கு எப்போதும் எண்பதை ஒட்டித்தான். 1,000 மீட்டர் என்றால் சரி, ஓட மட்டும் விடாதீர்கள் என்றார். இப்படியொரு குழந்தை வீட்டில் இருந்தால், டாக்டரிடம் கேட்காமல் மலைக்கு டிக்கெட் போடாதீர்கள்.

வாசலைத் தாண்டியதும் சமதளம். நடக்கிறேன் என்று அடம்பிடித்தாள், விட்டோம். கொஞ்ச தூரம் போனதும் பாதை நடுவிலேயே முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குந்திவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, மூச்சு வாங்கினால் தானாகவே அப்படி உட்காருவாள். குந்தும்போது காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அழுந்தி உடம்புப் பக்கம் அழுத்தம் கூடும், ரத்தம் நுரையீரல் பக்கம் அதிகமாகத் திரும்பும். பின்னால் வந்த ஒரு அம்மா, "எழுந்து நடம்மா, இப்படிச் செல்லம் கொடுத்தா எப்படி?" என்றார். தெரியாத குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொல்லாதீர்கள், தயவுசெய்து. பெரியவன் ஒன்றும் பேசவில்லை. தங்கை பக்கத்தில் அவனும் குந்தி, தரையில் ஊர்ந்த எறும்பு வரிசையைக் காட்டினான். உதட்டில் நிறம் திரும்பும்வரை இரண்டு பேரும் எறும்புதான் பார்த்தார்கள்.

காட்சி முனையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கோ போய்விட்டேன். அட்டகாசமான இடம்! மேகம் நம் காலுக்குக் கீழே போகிறது. மகள் கைதட்டிச் சிரித்ததைப் பார்க்க எத்தனை வாடகையும் தகும். அங்கே ரத்த ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை அவள் விரலில் மாட்டினால் 68 காட்டியது. பதறாமல், கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினோம். 81. விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டும், குளிர்ந்த இடத்துக்குப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது வாசல் காவலர், மகளைப் பார்த்துவிட்டு அவரே கீழே போய் டிரைவரிடம் பேசி, வண்டியை மேலே வரவழைத்தார். கூடுதலாக ஒரு பைசா கொடுக்கவில்லை. அடுத்தது கடற்கரைதான். ஏற்றம் கிடையாது, காற்றழுத்தக் கவலையும் கிடையாது. அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தேதி குறிக்க வேண்டும். அந்த டிரைவர் மட்டும் வேண்டாம்.