கண்ணை மூடி உட்காரும்போது அடுப்படியில் யார்?

பனியன் கம்பெனி வேலையையும் பார்த்துக்கொண்டு தியானமும் பழக முடியுமா என்று இங்கே திருப்பூரில் கேட்பவர்கள் எல்லாரும் நேரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும், ஷிப்மெண்ட் வாரத்தில் என்ன பண்ணுவது, இப்படி. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு கேள்வி. நாம் கண்ணை மூடி உட்காரும் அந்த அரைமணி நேரத்தில் நம் வேலையை யார் இழுத்துப் போட்டுச் செய்கிறார்கள்?

தைப்பூசம் வந்தால் தாராபுரம் ரோட்டில் பழனிக்கு நடக்கிற கூட்டத்தைப் பார்க்கவே மனசு நிறையும். ஆனால் வீட்டுக்காரர் மாலை போட்ட நாளிலிருந்து விடியலில் குளித்து, விரதச் சமையல் தனியாகச் செய்து, பால் கறந்து, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, அப்புறம் கம்பெனிக்கும் ஓடுகிற பெண்ணை யாரும் பக்தை என்று சொல்வதில்லை. அவள் தாங்கிக்கொள்வதால்தான் அவர் நடக்கிறார்.

ஆழியாறு அறிவுத் திருக்கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அதை நிறுவிய வேதாத்திரி மகரிஷியைத் தெரிந்திருக்கும். 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், தறியில் உட்கார்ந்து பிழைத்தவர், குடும்பஸ்தர். தம் மனைவி லோகாம்பாள் அம்மையாரின் பிறந்தநாளான ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாளாகக் கொண்டாடச் சொன்னார். அவர் கற்றுத்தந்த தியான, வாழ்க்கைப் பயிற்சியான மனவளக்கலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குடும்பத்தைத் தாண்டிப் போய்த்தான் ஞானம் என்று அவர் சொல்லவில்லை, பக்கத்தில் இருப்பவரை முதலில் மனசார வாழ்த்து என்றார்.

நம்மை நாமே ஆராய்ந்து திருத்திக்கொள்ள அவர் வகுத்த அகத்தாய்வில் சினம் தவிர்த்தல் என்று ஒரு பயிற்சி இருக்கிறது, அதற்குத் தனியாக நேரமே ஒதுக்க வேண்டாம். கண்டெய்னர் வந்து நிற்கும்போது ஒரு லாட் முழுக்க ஷேடு மாறியிருக்கிறது என்று தெரிந்தால், சாயம் போட்டது எங்கேயோ, திட்டு வாங்குவது செக்கிங் டேபிளில் நிற்கிற அக்காக்கள். அந்த நிமிஷம் வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, எந்த ரோலில் பிரச்சினை, எத்தனை பீஸ் தேறும் என்று மட்டும் கேட்க முடிந்தால் அன்றைக்குத் தவம் நடந்துவிட்டது என்றே நான் நம்புகிறேன். காலையில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு பத்து மணிக்கு டெய்லரை மரியாதை இல்லாமல் பேசுகிறவர்களையும் இதே ஊரில் பார்க்கிறேன். நாயன்மார்களில் நேச நாயனாரும் நெசவாளர்தான், மனசு சிவனிடம் இருக்க, வாய் ஐந்தெழுத்தைச் சொல்ல, கை அடியார்களுக்குத் துணி நெய்துகொண்டே இருந்தது. தொழிலை விட்டுவிட்டு வா என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே.

உட்கார்ந்து செய்கிற தவமும் வேண்டும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் காலை நேரம் என் வீட்டுக்காரருக்கு, அப்போது அடுப்பும் பிள்ளையும் என் பொறுப்பு. ராத்திரி நான் உட்காரும்போது பாத்திரமும் வீட்டுப்பாடமும் அவர் பொறுப்பு. ஷிப்மெண்ட் வாரத்தில் இரண்டு பேருக்குமே குறையும், குறையட்டும்.

வருகிற தைப்பூசத்துக்கு நான் நடக்கிறேன், அவர் வீட்டில் இருக்கிறார். கொழுந்தனாரும் கூட வருகிறேன் என்கிறார். சரி, வாங்க, ஆனால் அந்த நாட்களில் பால் யார் கறப்பது என்று உங்க மனைவியிடம் பேசி முடித்துவிட்டு மாலை போடுங்க என்று சொல்லியிருக்கிறேன்.