பத்து வருடம் மூடிவைக்கும் குப்பி

ஜூலை 8

1998-ல் இதே நாள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்க இருந்த நேரம். பெல்ஜியத்திலிருந்து பிரான்சுக்குள் வந்த ஃபெஸ்டினா சைக்கிள் அணியின் காரைச் சுங்கத்துறை மறித்தது. ஓட்டி வந்தவர் வீரர்களுக்குக் கால் பிடித்துவிடும் வில்லி வோட். உள்ளே ஊக்கமருந்துகள்: ஈபிஓ, வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன். ஒருத்தன் ஆசைப்பட்டுச் செய்த தப்பென்றால் மனசு ஆறிவிடும். இது அணியின் சரக்கு, அணியின் வண்டியிலேயே வந்தது. அதைத்தான் இன்றும் பொறுக்க முடியவில்லை.

ஜூலை 9

ஈபிஓ சிறுநீரகம் சுரக்கிற ஹார்மோன். ஊசியாக ஏற்றினால் எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்கும், தசைக்குப் பிராணவாயு கூடும். இரத்தமும் கெட்டிப்படும். 1997-ல் ஆண்களுக்கு ஹெமட்டோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 50 சதவீதம் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அதில் பெரிய ஓட்டை. இயல்பாக 42 உள்ளவன் 49 வரை ஏற்றிக்கொள்ளலாம். பிறவியிலேயே 48 உள்ளவனுக்கு அவ்வளவு இடமில்லை. சோதனைக்காரர் கதவைத் தட்டுமுன் சலைன் ஏற்றி இரத்தத்தை நீர்க்கவும் வைத்தார்கள்.

ஜூலை 11

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் அளப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாலில் தண்ணீர் கலந்தால் மெட்ரோலாக் என்கிற அளவுமானி காட்டிக்கொடுத்துவிடும். ஊக்கமருந்துச் சோதனைக்குக் கொடுக்கிற சிறுநீருக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. குறைந்தது 90 மில்லி வேண்டும், தண்ணீரை 1 என்று வைத்தால் அடர்த்தி 1.005-க்குக் குறையக்கூடாது. 150 மில்லி இருந்தால் 1.003 போதும். மலையேற்றம் முடிந்த தாகத்தில் மடமடவென்று தண்ணீர் குடித்தவர் நீர்த்துப்போய் மறுபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதிகாரி நேரே பார்த்துக்கொண்டிருக்கத்தான் எடுக்க வேண்டும். பிறகு வீரரே ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் ஊற்றி மூடுவார். மூடி ஒரு பக்கம்தான் திரும்பும். கடகடவென்று பல் பல்லாக இறுகும். ஆய்வகத்தில் உடைத்துத்தான் திறக்க முடியும். பத்து வருடம்வரை வைத்திருந்து, புதுச் சோதனை வந்ததும் மறுபடி பார்க்கலாம்.

ஜூலை 13

1967-ல் இதே தேதியில், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், மோன் வான்டூ மலையில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்சன் விழுந்து செத்தார். வயது 29. ஜெர்சிப் பையில் களைப்பை மறைக்கிற ஆம்பெடமைன் குப்பிகள். காவல்கிணறிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு இந்த மாதக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் சவிட்டுகிறவர்களுக்குத் தெரியும்: தொடை கடுக்கும், மூச்சு வாங்கும், கால் தானாகத் தரையில் ஊன்றும். அந்த ஊன்றலைத்தான் ஆம்பெடமைன் தடுத்துவிடுகிறது. அன்று கொளுத்தும் வெயில் வேறு.

ஜூலை 16

2008 முதல் உயிரியல் பாஸ்போர்ட். ஒவ்வொரு வீரரின் இரத்த எண்களையும் தொடர்ந்து குறித்துவைத்து, மருந்தைத் தேடாமல், மருந்து உடம்பில் விட்ட தடத்தைத் தேடுகிற முறை. ஹீமோகுளோபினை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எடுத்து, புதுச் சிவப்பணு சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60-ஆல் பெருக்கிக் கழிப்பார்கள். ஹீமோகுளோபின் 150, புதுச் சிவப்பணு 1 சதவீதம் என்றால் 90. சேமித்த இரத்தத்தைத் திரும்ப ஏற்றினால் ஹீமோகுளோபின் 165 ஆகலாம். ‘இரத்தம் நிறைய இருக்கிறது’ என்று மஜ்ஜை வேலையை நிறுத்தும், புதுசு 0.36-க்கு இறங்கும். விடை 129-க்கு எகிறும், சந்தேகம் வரும். பொய் சொல்லத் தெரியாத மஜ்ஜை!

குறையும் உண்டு. இராத்திரி நரம்பில் ஏற்றுகிற சிறு அளவு ஈபிஓ எண்களை மெதுவாகத்தான் நகர்த்தும். அதனால் சொல்லாமல் வந்து சோதிப்பதும் வேண்டும்; அதற்காக முன்னணி வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே குற்றம். கடுமையான விதிதான். எனக்கு அது சரியென்றே படுகிறது.

ஜூலை 18

அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் 1999 முதல் 2005 வரையிலான ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் ஊக்கமருந்துக்காக 2012-ல் பறிக்கப்பட்டன. வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பட்டியலில் ஏழு இடமும் காலி. 1999-ல் மருந்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய பிரெஞ்சு வீரர் கிறிஸ்டோஃப் பாசோன்ஸிடம், ஓடிக்கொண்டிருந்த பந்தயத்திலேயே பக்கத்தில் வந்து ‘வீட்டுக்குப் போ’ என்றவர் அதே ஆர்ம்ஸ்ட்ராங். சக வீரர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பாசோன்ஸ் பாதியிலேயே போய்விட்டார். குப்பியைப் பத்து வருடம் கழித்துத் திறக்கலாம். அவர் ஓடாமல் விட்ட நாட்களை எங்கே போய்த் திறக்க?